கல்லிலிருந்து இறங்கிய வேன்

என் அக்கா புருஷன் கோம்போவிடம் வண்டியை விட்டுவிட்டு "எப்ப முடியும்?" என்று கேட்காதவர் கிடையாது. அவரும் "நாளைக்கு" என்று சொல்லாமல் இருந்ததில்லை. இதில் வேடிக்கை, ஊரார் வண்டி பெரும்பாலும் அடுத்த நாளே முடிந்துவிடும். உலான்பாதரின் கிழக்குக் கடைசியில் இருக்கிற எங்கள் பட்டறை வரிசையில் டிஃப்ரென்ஷியல் வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை. வருஷக்கணக்கில் முடியாமல் கிடந்தது ஒரே ஒரு வண்டிதான். அது அவருடைய சொந்த வேன்.

நான் நொரோவ், அவர் கொழுந்தியாள். ரயிலில் வந்து திரும்பிப் போகாத சரக்குப் பெட்டி ஒன்றில் டீக்கடை வைத்திருக்கிறேன். உப்புப் போட்ட பால்தேநீர், இறைச்சி அடைத்துப் பொரித்த ஹூஷூர், வேறெதுவும் கேட்கக் கூடாது. கோம்போ அத்தானின் பட்டறை எனக்கு நேர் எதிரே. அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். அதனால் அவரைப் பற்றி நான் சொல்வதில் கேள்விப்பட்டது கொஞ்சம், கண்ணால் பார்த்தது மிச்சம். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு, பாசமும் உண்டு. இரண்டையும் மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

ஆள் பெரிய உருவம். காளைக் கழுத்து. கடையில் வாங்கிய எந்த உடுப்பும் அவருக்குக் கழுத்தில் பூட்டாது. எல்லாம் அக்கா தைத்துக் கொடுத்ததுதான். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இப்படிப்பட்ட மனிதனோடு வாழ என்ன கஷ்டம் என்று வெளியாட்கள் கேட்பார்கள். வாழ்ந்து பார்த்தால் தெரியும். 'முடியாது' என்ற சொல் அந்த மனிதரின் வாயில் வராது. பட்டறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போடும் நேரத்தில் யாராவது உடைந்த வண்டியை இழுத்துக்கொண்டு வருவான். உடனே பூட்டு திறக்கும்.

"பாவம், தூரத்துலேருந்து வந்திருக்கான்" என்பார்.

"நானும் தூரத்துலேருந்து வந்தவதான்யா" என்பாள் என் அக்கா தெஜித். "எனக்கு எப்ப திறப்பே?"

அவர் சிரிப்பார். அவள் முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள்.

அந்த வேன் அக்காவின் வேன் என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணத்தின்போது எங்கள் அப்பா அவளுக்கென்று காதில் அடையாளம் வெட்டிக் கொடுத்த ஆடுகள் அண்ணன் ஷாரவின் மந்தையில் பெருகிக்கொண்டிருந்தன. அத்தனையையும் விற்று, ஜப்பானில் யாரோ ஓட்டித் தள்ளிவிட்ட அந்த வேனை வாங்கினாள். வருஷா வருஷம் எங்கள் புத்தாண்டான வெள்ளை மாதப் பண்டிகைக்குத் தெற்கே கோபிப் பாலைவனப் பக்கம் அண்ணனின் குளிர்காலக் குடியிருப்புக்குப் போய் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே பஸ் போகாது. சிற்றூர் வரை பஸ், அப்புறம் யார் லாரியாவது வந்தால் உண்டு.

வாங்கிய குளிர்காலத்திலேயே டிஃப்ரென்ஷியல் போய்விட்டது. பின் சக்கரங்களுக்கு நடுவில் குண்டாகத் தொங்குகிற இரும்புப் பெட்டி அது. எஞ்சினின் சுழற்சியை வாங்கி இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும். உள்ளே பற்கள் தின்று போய், வேன் ஓடும்போதெல்லாம் ஓநாய் மாதிரி ஊளையிட்டது. அத்தான் வேனை வீட்டு வேலிக்குள் நான்கு கல் மேல் ஏற்றி, டிஃப்ரென்ஷியலைக் கழற்றினார்.

"எப்ப முடியும்?" என்றாள் அக்கா.

"நாளைக்கு."

மூன்று குளிர்காலம் போயிற்று. வேன் கல் மேல் நின்றது. அதன் உள்ளே நாய் குட்டி போட்டது. அக்கா அதன் கண்ணாடியைத் துடைப்பதை மட்டும் விடவில்லை. அத்தான் வேண்டுமென்று செய்தார் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நாளும் அடுத்த நாள் அதில் கை வைத்துவிடலாம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அடுத்த நாள் வாசலில் ஒரு பாவப்பட்டவன் வண்டியோடு நிற்பான்.

அந்த மூன்றாம் குளிர்காலத்தில் அம்மாவுக்கு முடியாமல் போயிற்று. நான் சளியும் காய்ச்சலுமாகப் படுத்திருந்தேன். அக்கா பஸ் ஏறி, சிற்றூரில் லாரிக்குக் காத்துக் கிடந்து, போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மலைச் சரிவில் கல் அடுக்கிய இடத்தைக் காட்டினார்களாம். திரும்பி வந்து அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. வேன் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஷாரவ் அண்ணன் கம்பளி விற்க நகரத்துக்கு வந்தான். அவனுடையது பழைய ருஷ்ய லாரி. திரும்பும்போது அக்கா தன் பெட்டியை அதில் போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். அத்தான் கையில் கிரீஸோடு ஓடி வந்தார்.

"தெஜித், எங்க போறே?"

"எங்க அம்மா வீட்டுக்கு. அம்மா இல்லாட்டியும் வீடு இருக்குல்ல."

"எப்ப வருவே?"

"அத நான்ல கேக்கணும்? நீ வந்து கூட்டிட்டுப் போ. பித்தூன் சாயங்காலத்துக்குள்ள வா. இந்த வண்டியிலதான் வரணும். வேற எவன் வண்டியிலயாவது வந்து இறங்கினே, நாயப் பிடிக்க மாட்டேன், அவுத்து விடுவேன்."

கூடாரத்துக்கு வருகிறவர்கள் தூரத்திலேயே 'நாயைப் பிடி' என்று கத்துவது எங்கள் வழக்கம். பித்தூன் என்பது பழைய ஆண்டின் கடைசி நாள். அன்றைக்கு இருட்டுவதற்குள் அவரவர் வீட்டில் இருக்க வேண்டும். அன்று இரவு எந்த வீட்டில் வயிறு நிறையச் சாப்பிடுகிறோமோ அந்த வீட்டு மனுஷராகத்தான் வருஷம் முழுக்க இருப்போம் என்பது எங்கள் நம்பிக்கை. அக்கா விளையாட்டாகக் கெடு வைக்கவில்லை. அத்தானுக்கும் அது புரிந்தது.

பனி விழத் தொடங்கியதும் அவரைப் பழைய பாகச் சந்தைக்கு நானே இழுத்துக்கொண்டு போனேன். உறைந்த தரையில் டிஃப்ரென்ஷியல்கள் ஆட்டுத்தலைகள் போல வரிசையாகக் கிடந்தன. அத்தான் ஒவ்வொன்றாகக் குனிந்து, முன்வாயைக் கையால் திருப்பி, இரும்பில் காதை வைத்துக் கேட்டார். காது ஒட்டிக்கொள்ளும் குளிர்.

"புதுசு மாதிரிண்ணே இது" என்றான் கடைக்காரன்.

"புதுசு மாதிரி இருந்தா ஏண்டா இங்க வந்து கெடக்கு?" என்றேன் நான்.

"நீங்க சந்தைக்கு வரலயா அக்கா? அந்த மாதிரிதான்."

அத்தான் சிரித்துவிட்டார். அக்கா போன பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். கடைசியில் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பட்டறையில் அதைப் பிரித்துப் பரப்பினார். பற்கள் நன்றாகவே இருந்தன. பேரிங் இரண்டு குழி விழுந்திருந்தது, ஆயில் சீல் காய்ந்து கட்டையாகியிருந்தது. எல்லாம் மாற்றினார். கிரௌன் என்கிற பெரிய பல்சக்கரத்தில் மை தடவி, அதோடு கோக்கிற சின்னப் பினியனைத் திருப்பித் திருப்பி, பல்லும் பல்லும் எங்கே தொடுகின்றன என்று பார்த்தார். பல்லின் ஓரத்தில் அச்சு விழுந்தால் மறுபடி பிரித்து ஒரு மெல்லிய தகட்டைக் கூட்டுவார், அல்லது எடுப்பார். அச்சு பல்லின் நடுவில் விழும்வரை இதே கதை. டீ ஆறிப்போகும். நான் கொண்டுபோய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து வைப்பேன்.

பிறகு புஷ். டிஃப்ரென்ஷியல் நேராகச் சட்டத்தில் முடுக்கப்பட்டிருக்காது. முன்னால் ஒரு கை, பின்னால் இரண்டு காது. அவற்றின் துளைகளில் இரும்பு வளையம் போட்ட ரப்பர் புஷ் உட்கார்ந்து, ஆட்டத்தையும் உதையையும் வாங்கிக்கொள்ளும். பழைய புஷ்கள் நைந்து கிழிந்திருந்தன. ரம்பத்தை உள்ளே விட்டு வளையத்தை அறுத்து அவற்றைத் தட்டி எடுத்தார். புதுப் புஷ்களை என் கடைக் கூரையில் ஓர் இரவு போட்டு வைத்தார். குளிரில் இரும்பு சுருங்கும், துளையில் சுளுவாக இறங்கும். குளிர் ஒன்றுதான் எங்கள் ஊரில் காசில்லாமல் கிடைப்பது.

"நொரோவ், இந்தக் கைய உன் அடுப்புல கொஞ்சம் வெச்சு எடுத்துக்கறேன். துளை விரியணும்."

"வைங்க வைங்க. எண்ணெயும் காயுது. ஹூஷூரோட சேர்த்து டிஃப்ரென்ஷியலயும் பொரிச்சுக் குடுத்துடறேன்."

"மாவு தடவாம பொரி. மாவு அடைச்சுக்கும்."

நீளமான போல்ட்டைக் கோத்து, நட்டைத் திருகத் திருகப் புஷ் முனகிக்கொண்டே உள்ளே போயிற்று. ரப்பரில் இருக்கிற இடைவெளி மேலும் கீழுமாக நிற்க வேண்டும். பக்கவாட்டில் நின்றால் ஆயுசு பாதி. அதைச் சரிபார்க்க மட்டும் எத்தனை முறை குனிந்து எழுந்தார்! வேலை முடிந்ததும், தன் வாடிக்கைக்காரர்களுக்கு ஓதுகிற மந்திரத்தை என்னிடமும் ஓதினார்.

"எந்தக் குளிர்லயும் இதுக்கு அடியில தீ காட்டக் கூடாது. ருஷ்ய வண்டில பின்னாடி இருக்கறது மொத்தமும் இரும்பு. ப்ளோ லாம்ப அடிச்சா உள்ள ஆயில் இளகும், வண்டி கெளம்பும். அதே பழக்கத்துல இதுலயும் அடிக்கறாங்க. ரப்பர் வெந்து போயிடுது. தெரியறதே இல்ல. கெளம்பின அப்புறம்தான் தெரியும்."

"நான் எதுக்கு அத்தான் தீ காட்டப் போறேன்? என்கிட்ட வண்டியா இருக்கு?"

"சொல்லி வெச்சேன்."

இத்தனையும் ஒரு வாரத்து வேலை. ஆனால் ஒன்றரை மாதம் இழுத்தது. காரணம் என்ன? வாசலில் பாவப்பட்டவர்கள். பண்டிகை நெருங்க நெருங்க ஊருக்குப் போகிறவர்கள் எல்லோர் வண்டியும் ஒன்றாகக் கெட்டுப்போகும். பித்தூனுக்கு இரண்டு நாள் இருக்கும்போதும் வேனின் டிஃப்ரென்ஷியல் தரையில் கிடந்தது. அன்றைக்கு ஒருவன் லாரியோடு வந்தான். நான் எண்ணெய்க் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"போயிடு! இந்தக் கடை செத்துப் போச்சு! ஆளே இல்ல!"

"அண்ணன் உள்ளதான இருக்காரு?"

"அவரும் செத்துட்டாரு, போ!"

அத்தான் உள்ளேயிருந்து தலையை நீட்டி, "என்னப்பா பிரச்சினை?" என்றார். கரண்டியை அவர் மேலேயே எறிந்திருப்பேன். லாரிக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனாகவே போய்விட்டான்.

மறுநாள் காலை டிஃப்ரென்ஷியலை ஜாக்கியில் ஏற்றி மாட்டினார். போல்ட்டுகளை லேசாக மட்டும் பிடிக்க வைத்து, வேனைக் கல்லிலிருந்து இறக்கினார். சக்கரம் தரையைத் தொட்டு, வேனின் கனம் முழுக்க அதன்மேல் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முடுக்கு. அந்தரத்தில் முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்று சீக்கிரம் அறுந்துவிடுமாம். நான்கு கல்லும் இருந்த இடத்தில் பள்ளமாக நான்கு தடம். எதிர்வீட்டுக்காரியை எழுப்பி, பால் வாங்கி, வேன் கிளம்பும்போது வழிக்கு நல்லதென்று அதன் பின்னால் தெளித்துவிட்டு ஓடிப் போய் ஏறிக்கொண்டேன். அக்காவைப் பேசிச் சரிக்கட்ட ஒரு ஆள் வேண்டுமே என்று நானும் கிளம்பினேன்.

வேன் ஓடியது. ஊளை இல்லை, முனகல் இல்லை. கணவாயில் கல் குவியலைச் சுற்றி வந்து, பயணம் நல்லபடியாக முடிய ஆளுக்கொரு கல் போட்டோம். அத்தான் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டார்.

"எப்ப போய்ச் சேருவோம் அத்தான்?"

"வாய மூடு. வழியில அதக் கேக்கக் கூடாதுன்னு தெரியாது?"

தெரியும். பயணத்தில் போய்ச் சேரும் நேரத்தைச் சொல்லக் கூடாது. பட்டறையில் வாய் கூசாமல் 'நாளைக்கு' சொல்கிறவர் இங்கே மட்டும் நாக்கைக் கட்டிக்கொள்கிறாரே என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அந்த மதியம் முழுக்க நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தார்ச்சாலை முடிந்து பனித் தடத்தில் இறங்கியதும் பொழுது சாய்ந்தது. ஜிக்மெத் என்ற பெரியவரின் கூடாரத்தில் தங்கினோம். முன்பின் பார்த்ததில்லை. புகை தெரிந்தது, போனோம், சூப்பும் படுக்கையும் கொடுத்தார்கள். எங்கள் நாட்டில் இது ஒரு விஷயமே இல்லை. மிச்சத் தூரம் அரை நாள் ஓட்டம்தான். இருட்டுவதற்குள் தாராளமாகப் போய்விடலாம்.

விடிந்து, அத்தானும் நானும் அந்த வீட்டம்மாவின் அடுப்பருகில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அந்தக் குளிர்காலத்திலேயே மோசமான குளிர் அன்றைக்குத்தான். வாசலுக்கு வந்தால் மூச்சே அத்தான் மீசையில் உறைந்தது. வெளியே ஏதோ இரைச்சல் கேட்டது. காற்று என்று நான் நினைத்தேன். அத்தான் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தொப்பிகூடப் போடாமல் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

வேனுக்கு அடியிலிருந்து இரண்டு தோல் பூட்ஸ்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஜிக்மெத் பனியில் மல்லாந்து படுத்து, ப்ளோ லாம்பைப் பிடித்து, டிஃப்ரென்ஷியலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். நீலத் தீ உறுமியது. ரப்பர் கருகிய வாடை மூக்கில் ஏறியது.

பெரியவர் ஊர்ந்து வெளியே வந்தார். புருவமெல்லாம் பனி. முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா சூடாக்கிட்டேன் தம்பி. பண்டிகைக்குப் போற வண்டி. வழியில நிக்கக் கூடாதுல்ல. தைரியமா போ."

அத்தானின் முகத்தை நான் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். பிறகு இரண்டு கையாலும் பெரியவரின் முழங்கையைத் தாங்கி, "நன்றிண்ணே. சிரமப்பட்டுட்டீங்க" என்றார். வழக்கப்படி மரியாதைக்கு மூக்குப்பொடிக் குப்பிகளை மாற்றிக்கொண்டார்கள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும் போல இருந்தது.

கண்ணுக்கு எட்டாத தூரம் வந்ததும் வேனை நிறுத்தி அடியில் போய்ப் பார்த்தார். வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"ஏன் அத்தான் ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? அந்த வயசுல, இந்தக் குளிர்ல, யாருன்னே தெரியாத எனக்காகப் பனியில படுத்திருக்காரு."

"புஷ்?"

"பின்னாடி ரெண்டும் வெந்துடுச்சு. மெதுவா போவோம்."

"வேற புஷ் இருக்கா?"

"இல்ல."

"தாங்குமா?"

"பார்த்துக்கலாம்."

மெதுவாகத்தான் போனோம். முதலில் பின்னால் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி லேசாக ஒரு சத்தம். ஒவ்வொரு பள்ளத்திலும் அது பெரிதானது. அத்தான் ஆக்ஸிலேட்டரை முட்டையை மிதிக்கிற மாதிரி மிதித்தார். மதியம் தாண்டியது. ஷாரவ் அண்ணனின் குடியிருப்புக்கு முன்னால் இருக்கிற கடைசி மேடு தெரிந்தது. அதன் அடிவாரத்தில் கிணறும், கிணற்றடியில் ஒரு குடும்பத்தின் கூடாரப் புகையும் தெரிந்தன. "வந்துட்டோம் அத்தான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை.

மேட்டில் ஏற அழுத்தினார். அடியில் பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வேன் துள்ளி நின்றது. புஷ் இரண்டும் பிய்ந்து, டிஃப்ரென்ஷியல் எகிறித் திரும்பி, அதனோடு சேர்ந்த ஷாஃப்ட்டின் ஜாயிண்டை முறித்துவிட்டது. சீல் கிழிந்து ஆயில் பனியில் கொட்டியது. வெள்ளைத் தரையில் தேன் நிறத்தில் ஒரு குட்டை. ஒன்றும் தெரியாத எனக்கே அது முடிந்த கதை என்று தெரிந்தது.

கிணற்றடி வீட்டுக்காரர் மோட்டார் பைக்கில் வந்து பார்த்தார். ஷாரவ் வீட்டில் சொல்லிவிடுகிறேன் என்று மேடு தாண்டிப் போனார். அத்தான் கம்பளியை விரித்து வேனுக்கு அடியில் படுத்தார். ஸ்பேனரை எடுத்தார். எதைக் கழற்றினார், எதற்குக் கழற்றினார், எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

வெயில் மேட்டின் தலையைத் தொடும் நேரத்தில் லாரி வந்தது. ஓட்டி வந்தவள் என் அக்கா. அந்த முரட்டு லாரியை அவள் எப்போது ஓட்டப் பழகினாள் என்றுகூட எனக்குத் தெரியாது. எஞ்சினை நிறுத்தாமல் இறங்கி வந்தாள். என்னைப் பார்த்துக் கன்னத்தை முகர்ந்தாள்.

"நாயப் பிடின்னு கத்த ஆளக் காணோமேன்னு பார்த்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை.

வேனைச் சுற்றி நடந்தாள். கையுறையைக் கழற்றி, அதன் கண்ணாடியில் படிந்த உறைபனியை உள்ளங்கையால் துடைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் திரும்பி வந்தது. பிறகு குனிந்து, அடியில் கிடந்தவரைப் பார்த்துக் கேட்டாள்.

"எவ்ளோ நேரம் ஆகும்?"

ஐயோ, உள்ளதைச் சொல்லிவிடு மனுஷா என்று நான் உள்ளுக்குள் கத்தினேன்.

"நாளைக்கு" என்றார் அத்தான். "காலையில முடிஞ்சிடும் தெஜித்."

அவள் அப்படியே குனிந்து நின்றாள்.

"புஷ் இருக்கா?"

"இல்ல."

"ஆயில்?"

"இல்ல."

"அப்புறம் எப்படிய்யா நாளைக்கு?"

"பார்த்துக்கறேன். நீ போ. நான் வண்டிய ஓட்டிக்கிட்டே வந்துடறேன்."

அக்கா நிமிர்ந்தாள். கையுறையை மாட்டிக்கொண்டாள். "சரி" என்றாள். "கிணத்தடி வீட்டுல சொல்லியிருக்கேன். அடுப்பு எரியுது. சாப்பிட்டு அங்கயே படுத்துக்க. நொரோவ், நீ ஏறு."

அவள் லாரிக்குப் போனதும் நான் பனியில் மண்டியிட்டேன். "அத்தான், எந்திரிங்க. வந்து லாரியில ஏறுங்க. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

அவர் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"இந்த வண்டியிலதான் வரணும்னு சொல்லியிருக்காளே, நொரோவ்" என்றார். "இத விட்டுட்டு எப்படி வருவேன்?"

லாரி இரைச்சலில் அது அக்காவின் காதில் விழவில்லை.

நான் ஏறி உட்கார்ந்தேன். ஏதோ மெத்தென்று இருந்தது. அக்கா என்னைத் தள்ளிவிட்டு, எனக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முடிச்சு அவிழ்ந்திருந்தது. உள்ளே பண்டிகைக்குப் போடுகிற புது அங்கி. கரும்பச்சைப் பட்டு, வெள்ளிப் பித்தான். கழுத்து அவ்வளவு அகலம். அந்த அளவு யாருக்கு என்று நான் கேட்க வேண்டியதில்லை.

"அக்கா, இத அவருக்காகத்தான கொண்டு வந்தே? குடுக்கலயா?"

"கேட்டேன்ல? எவ்ளோ நேரம்னு கேட்டேன்ல?"

"நீ அந்த வண்டியிலதான் வரணும்னு சொன்னியாம். அதான்…"

"சொன்னேன். கோபத்துல என்னென்னமோ சொன்னேன்." அவள் கியரை மாற்றினாள். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது. "இது முடியாது தெஜித்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சொல்லியிருந்தா, அந்த ஆள முதுகுல தூக்கிட்டுப் போயிருப்பேன்டி."

லாரி மேடு ஏறியது. இருட்டுவதற்குள் நாங்கள் வீட்டில் இருந்தோம். அன்று இரவு அத்தான் கிணற்றடி வீட்டில் சாப்பிட்டார். அந்த வருஷம் முழுக்க யார் யார் வீட்டிலோதான் சாப்பிட்டார்.

பனி உருகிய பிறகு வேனை ஒரு லாரியில் கட்டி இழுத்து வந்து, பழைய நான்கு தடத்தில் நான்கு கல் வைத்து மறுபடி ஏற்றினார். அக்கா அண்ணனோடு இருக்கிறாள். அத்தான் பட்டறையில் இருக்கிறார். முன்னைப் போலவே பூட்டிய பிறகும் திறக்கிறார்.

போன வாரம் ஒருவன் வண்டியை விட வந்தான். நல்ல தூரத்து ஆள். அத்தானின் வீட்டு வேலிக்குள் வேனைப் பார்த்திருக்கிறான் போலிருக்கிறது.

"அண்ணே, அந்த வேன் எப்ப முடியும்? முடிஞ்சதும் எனக்குக் குடுங்களேன்" என்றான்.

நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அத்தான் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெகு நேரம் துடைத்தார்.

"அது முடியாதுப்பா" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். எண்ணெய் கருகுவதைக்கூடக் கவனிக்காமல், தொலைபேசியை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். அண்ணன் வீட்டுக் குன்றின் மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைத்து அவளுக்குக் கேட்கும். நல்ல வேளையாகக் கேட்டது.

"அக்கா, சொல்லிட்டார்! முடியாதுன்னு அவரே வாயால சொல்லிட்டார்!"

அந்தப் பக்கம் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"யார்கிட்ட சொன்னான்?" என்றாள்.

"ஒரு கஸ்டமர்கிட்ட."

"ஆமா" என்றாள் அக்கா. "அவங்களுக்குத்தான எப்பவும் முதல்ல கெடைக்கும்."